பாம்புக்காரர் யாரிடம் படிச்சார்?



நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. உட்கார்ந்து நாலு வரி எழுத இப்பதான் நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம் ஒண்ணை எழுதிடறேன்.

கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போகாதவங்க நம்மில் குறைவு. பள்ளிக்கூடச் சுற்றுலான்னாலே மியூசியம், மெரினா, பாம்புப் பண்ணை. அதைத் தொடங்கினவர் ரோமுலஸ் விட்டேகர். அவரைப் பத்தி யார் எழுதினாலும் ஒரு வாக்கியம் தவறாம வரும்: "இவர் கல்லூரியில் படிக்காமல் தானாகவே கற்று ஊர்வன விஞ்ஞானி ஆனவர்." பாராட்டாத்தான் எழுதறாங்க. ஆனா அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லாம விட்டா, அந்த மனுஷன் செஞ்சதுல பெரிய விஷயமே விட்டுப்போகுது. நம்ம ஊரு இளவட்டப் பசங்களுக்கு அது ஆபத்தாவும் முடியுது.

முதல்ல அவர் கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன்.

1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயசுல கல்லைப் புரட்டிப் பூச்சி தேடற பையன். பாம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தாலும் அம்மா அலறலை, அடிக்கலை. ஊக்கம்தான் கொடுத்தாங்க. அந்த அம்மா பிறகு ஒரு இந்தியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதால, 1951-ல் குடும்பம் இந்தியா வந்துடுச்சு. விடுதலைப் போராட்ட வீரர் கமலாதேவி சட்டோபாத்யாயாவோட மகன்தான் அந்த வளர்ப்புத் தந்தை. பையனைக் கொடைக்கானல் பள்ளியில சேர்த்தாங்க. விடுதிக் கட்டிலுக்கு அடியில மலைப்பாம்பு வளர்த்த பையன்னு இன்னிக்கும் அந்தக் கதையைச் சொல்றாங்க.

அப்புறம் கல்லூரிக்காக அமெரிக்கா போனார். மனசு ஒட்டலை, பாதியில விட்டுட்டார். கப்பல்ல வேலை பார்த்தார். மயாமியில பில் ஹாஸ்ட்னு ஒருத்தர் பாம்பு விஷம் எடுக்கிற பண்ணை வெச்சிருந்தார். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தன் உடம்புலயே ஏத்திக்கிட்டு, 100 வயசு வரைக்கும் வாழ்ந்த மனுஷன் அவர். அவர்கிட்ட விட்டேகர் வேலைக்குச் சேர்ந்தார். பாம்பை எப்படிக் கையாளணும், விஷத்தை எப்படி எடுக்கணும்னு அங்கேதான் தொழிலாக் கத்துக்கிட்டார். வியட்நாம் போர்க்காலத்துல ராணுவம் அவரைக் கூப்பிட்டுக்கிச்சு. அது முடிஞ்சதும் 1967-ல் இந்தியாவுக்கே திரும்பிட்டார்.

1969-ல் தாம்பரம் பக்கத்துல சேலையூர்ல சின்னதா ஒரு பாம்புப் பண்ணை. 1972-ல் அது கிண்டிக்கு வந்துச்சு. 1976-ல் மகாபலிபுரம் போற வழியில வடநெம்மேலியில முதலைப் பண்ணை. நடுவுல இந்தியக் குடியுரிமையும் வாங்கிக்கிட்டார். 2005-ல் கர்நாடகத்து ஆகும்பேயில ராஜநாகத்துக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம். இந்தியப் பாம்புகளை அடையாளம் காண அவர் எழுதின கையேடுகளைத்தான் இன்னிக்கும் பாம்பு படிக்கிறவங்க கையில வெச்சிருக்காங்க. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

இவ்வளவையும் படிச்சா "அடேயப்பா, பட்டம் இல்லாமலே இவ்வளவா"ன்னுதான் யாருக்கும் தோணும். என் கேள்வி வேற. பட்டம் இல்லை, சரி. வாத்தியாரும் இல்லையா?

இருந்தாங்க. மயாமியில ஒருத்தர். அவரைவிடப் பெரிய வாத்தியாருங்க நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து வயக்காட்டுல இருந்தாங்க. இருளர்கள்.

அறுபதுகளோட கடைசியில இருளர்கள் என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்கன்னு வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போ பாம்புத்தோல் பெரிய ஏற்றுமதி வியாபாரம். வெளிநாட்டுச் சீமாட்டிங்களோட கைப்பைக்கும் செருப்புக்கும் லட்சக்கணக்குல தோல் கப்பல் ஏறுச்சு. சாரை, நல்ல பாம்பு, விரியன் எல்லாத்தையும் பிடிச்சுக் கொடுத்தது இருளர். தோலுக்கு அவங்க கைக்கு வந்தது சில்லறை. லாபம் வேற யாருக்கோ. அந்த வியாபாரம் நடக்கிற இடத்துலதான் விட்டேகர் அவங்களைச் சந்திச்சார். அவங்க பின்னாடியே வரப்பு வரப்பா நடந்தார்.

இருளர் பாம்பு தேடறதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? எங்க ஊருல ஒரு பெரியவர் இருந்தார். வளையோட வாயைப் பார்ப்பார். மண்ணு வழவழன்னு தேய்ஞ்சிருக்கா, சிலந்தி வலை அறுந்திருக்கா, எச்சம் கிடக்கா, உரிச்ச சட்டையோட துண்டு ஒட்டியிருக்கா. ஒரு செதில் கிடைச்சாக்கூடப் போதும், இன்ன பாம்பு, இவ்வளவு நீளம்னு சொல்லிடுவார். ஒருநாள் எலி வெட்ட வந்தவர், ஒரு வளையைப் பார்த்துட்டு கடப்பாரையைக் கீழ வெச்சுட்டார். "இது வேணாங்க, உள்ள கண்ணாடி விரியன் இருக்கு"ன்னார். நாங்க நாலு பேரு அதே வளையைக் குனிஞ்சு பார்த்தோம். எங்க கண்ணுக்கு ஓட்டைதான் தெரிஞ்சுது. அவர் கண்ணுக்கு உள்ளே இருக்கிறது தெரிஞ்சுது.

இதுக்கு என்ன பேரு வைப்பீங்க? நான் படிப்புன்னுதான் சொல்லுவேன். பார்த்து, ஞாபகம் வெச்சு, தப்பா இருந்தா திருத்தி, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து, தலைமுறை தலைமுறையா வந்த படிப்பு. என்ன, அதை யாரும் எழுதி வைக்கலை. யாரும் சான்றிதழ் கொடுக்கலை.

விட்டேகரோட பெருமை என்னன்னு கேட்டா, அந்தப் படிப்பைப் படிப்புன்னு அடையாளம் கண்டுக்கிட்டதுதான். தனக்குக் கத்துக் கொடுத்தது இருளர்கள்தான்னு சொல்ல அவர் தயங்கினதே இல்லை. நாம எத்தனை தலைமுறையா அவங்க பக்கத்துலயே இருந்தோம்! எலி வெட்டக் கூப்பிட்டோம். மூட்டம் போட்டு எலியைப் பிடிச்சு, வளையில இருந்த நெல்லைக் கூலியா எடுத்துக்கிட்டுப் போனாங்க. அவங்க தலைக்குள்ள இருக்கிறதை நம்ம ஊரு யாரும் கேட்டு வாங்கிக்கலை. கொடைக்கானல்ல படிச்ச ஒரு அமெரிக்கப் பையன் வந்துதான் கேட்கவேண்டியிருந்தது.

கேட்டதோட நிறுத்தியிருந்தா நாலு புஸ்தகம் எழுதிட்டுப் போயிருப்பார். அவர் அடுத்ததா செஞ்சதுதான் முக்கியம்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்துச்சு. பாம்புக்கு நல்லது. நமக்கும் நல்லதுதான், சாரையைக் கொன்னா எலி பெருகும், எலி பெருகினா களத்துக்கு வர்ற நெல்லு குறையும். ஆனா இருளருக்கு? ஒரே நாள்ல அவங்க தொழில் குற்றமாயிடுச்சு. நேத்து வரைக்கும் தோலுக்குக் காசு கொடுத்தவன் காணாமப் போயிட்டான். நிலம் கிடையாது, பட்டா கிடையாது, வேற தொழிலும் தெரியாது.

பாம்பு பாதுகாப்பைப் பேசறவங்க பல பேரு இந்த இடத்துல நின்னுடுவாங்க. சட்டம் வந்துடுச்சு, ஜெயிச்சாச்சுன்னு. விட்டேகரும் அவர்கூட இருந்தவங்களும் இருளர்களோட சேர்ந்து 1978-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாங்க. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். யோசனை ரொம்ப எளிமையானது. தோலுக்காகப் பாம்பைக் கொல்ல வேண்டாம். உயிரோட பிடிங்க, விஷத்தை எடுங்க, திரும்ப விட்டுடுங்க. அந்த விஷத்தை மருந்துக் கம்பெனிக்கு வித்தா காசு வரும்.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ளேயே அந்தச் சங்கம் இருக்கு. போனா பாருங்க. பிடிச்சுக்கிட்டு வந்த பாம்பை மண்பானையில போட்டு, வாயைத் துணியால கட்டி வெச்சிருப்பாங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான். சில வாரம் வெச்சிருந்து சில தடவை விஷம் எடுப்பாங்க. அப்புறம் அடிவயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் வெட்டிட்டுக் காட்டுல விட்டுடுவாங்க. அந்த அடையாளம் இருந்தா, மறுபடி பிடிச்சுடாம இருக்கலாம்ல. எடுத்த விஷத்தைக் காயவெச்சுப் பொடியாக்கி அனுப்புவாங்க. கம்பெனிக்காரங்க அதைக் குதிரைக்குத் துளித் துளியா ஏத்துவாங்க. குதிரை உடம்பு எதிர்ப்பு உண்டாக்கும். அந்த ரத்தத்துல இருந்துதான் நம்ம ஜி.எச்.ல போடற விஷமுறிவு ஊசி தயாராகுது.

நாட்டுல விஷமுறிவு மருந்துக்குப் போற பாம்பு விஷத்துல பெரும்பகுதி இந்தச் சங்கத்துல இருந்துதான் பல வருஷமாப் போயிருக்கு. பீகார்ல ஒரு விவசாயிக்கு ராத்திரி பாம்பு கடிச்சு ஊசி போட்டுப் பொழைச்சான்னா, அந்த ஊசிக்குப் பின்னால பெரும்பாலும் நம்ம செங்கல்பட்டுச் சீமை இருளர் ஒருத்தரோட கை இருக்கு. இன்னிக்கு அந்தச் சங்கத்துல 300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஆம்பளைங்களும் இருக்காங்க, பொம்பளைங்களும் இருக்காங்க.

குருதட்சணைன்னு சொல்றோமே, அது இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணும் சொல்லணும். விஷம் எல்லா ஊருலயும் ஒரே மாதிரி இல்லை. இங்க இருக்கிற கண்ணாடி விரியனோட விஷமும் வடக்கே இருக்கிற கண்ணாடி விரியனோட விஷமும் குணத்துல வேறுபடும். அதனால தமிழ்நாட்டு விஷத்தை வெச்சுச் செஞ்ச ஊசி வேற மாநிலத்துல அதே அளவுக்கு வேலை செய்யாம போகலாம். மத்த வட்டாரங்கள்லயும் விஷம் எடுக்கணும்னு பேசினவங்கள்ல விட்டேகரும் ஒருத்தர். தானே முன்னின்னு தொடங்கின சங்கம், அதோட சரக்கு மட்டும் நாட்டுக்குப் போதாதுன்னு சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? பட்டம் இல்லாட்டியும் இவரை விஞ்ஞானின்னு நான் சொல்றது இதனாலதான்.

பாம்புக்கடி யாரைக் கொல்லுதுன்னு கணக்கு எடுத்ததுலயும் அவர் பங்கு இருக்கு. வீடு வீடாப் போய், செத்தவங்களைப் பத்தி விசாரிச்சு எழுதின பெரிய கணக்கெடுப்பு ஒண்ணு. அதை வெச்சு 2020-ல் வந்த ஆய்வை எழுதின குழுவுல அவரும் ஒருத்தர். 2000-ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரி 58,000. ஒரு நாளைக்கு 150 பேருக்கு மேல. பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. பாதிப் பேரு 30 வயசுக்கும் 69 வயசுக்கும் நடுவுல, அதாவது குடும்பத்தைத் தாங்கறவங்க. கால்வாசிக்கு மேல 15 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்க. பாதிச் சாவு மழைக்காலத்துல, ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள. ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும் பார்த்தா இதுல சின்னப் பங்குதான் தெரியும். மத்தவங்க வீட்டுலயோ, வழியிலயோ, மந்திரிக்கிறவன் திண்ணையிலயோ செத்தவங்க.

இது நம்ம கணக்கு நண்பர்களே. களத்துல, வரப்புல, வைக்கோல் போர்ல, கடலை பிடுங்கற இடத்துல கடிபட்டுச் சாகிற நம்ம கணக்கு. அதனாலதான் பாம்பு விஞ்ஞானி கதை நமக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லைன்னு சொல்றேன்.

இனி நான் சொல்ல வந்த ஆபத்து.

இப்போ எந்த ஊருல பார்த்தாலும் ரெண்டு பசங்க பாம்பு பிடிக்கிறாங்க. கேட்டா "நானாக் கத்துக்கிட்டேன் மாமா, போன்ல வீடியோ பார்த்து"ன்னு சொல்றான். விட்டேகர் பேரைக்கூடச் சொல்றான். நல்ல பாம்பை வாலைப் பிடிச்சுத் தூக்கி, முகத்துக்கு நேரா வெச்சு, கழுத்துல போட்டு, எதிர்ல நண்பன் படம் எடுக்கிறான். ஊரே சுத்தி நின்னு கைதட்டுது. அப்படிப் பிடிக்கப் போய் உயிரை விட்ட பசங்க செய்தி பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு.

தம்பிங்களா, நீங்க நினைக்கிற மாதிரி விட்டேகர் "தானா" கத்துக்கலை. விஷம் எடுக்கிறவர்கிட்ட வருஷக்கணக்குல கைவேலை பார்த்தார். அப்புறம் இருளர்களோட வெயில்லயும் சேத்துலயும் நடந்தார். இருளர் வீட்டுப் பிள்ளை அப்பன் பின்னாடி கூடை தூக்கிக்கிட்டுப் பத்து வருஷம் சுத்தின பிறகுதான் தானாப் பாம்பைத் தொடுது. பாம்பு பிடிக்கிற இருளரைக் கவனிச்சுப் பாருங்க. சத்தம் இருக்காது. கூட்டத்தைத் தள்ளிப் போகச் சொல்லுவார். பிடிச்சார், பையில போட்டார், வாயைக் கட்டினார், கிளம்பிட்டார். வேடிக்கை காட்டறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லை.

2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களை அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டாங்க. அங்க பர்மா மலைப்பாம்பு பெருகிப்போய், காட்டுல இருக்கிற மத்த உயிரையெல்லாம் தின்னு தீர்த்துக்கிட்டிருந்துச்சு. அந்த ஊரு ஆளுங்க காரை ஓட்டிக்கிட்டு ரோட்டோரமாத் தேடிக்கிட்டிருந்தாங்க. இவங்க ரெண்டு பேரும் இறங்கிப் புதருக்குள்ள நடந்தாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 13 மலைப்பாம்பு. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. விட்டேகருக்குக் கொடுத்து அஞ்சு வருஷம் கழிச்சு. சந்தோஷம்தான். ஆனா வரிசையைப் பாருங்க. மாணவருக்கு முதல்ல, வாத்தியாருக்கு அப்புறம்.

இந்த இடத்துல சிலர் ஒரு நியாயமான கேள்வி கேட்பாங்க. "வெள்ளைத்தோல், பெரிய குடும்பம். அதனால கதவு திறந்துச்சு. இதையே ஒரு இருளன் செஞ்சிருந்தா பிடிச்சு உள்ள போட்டிருப்பாங்க." உண்மைதான். நான் மறுக்கலை. அதிகாரி முன்னால உட்கார்ந்து பேச அவருக்கு நாற்காலி கிடைச்சுது, இருளருக்குக் கிடைச்சிருக்காது. ஆனா அந்த நாற்காலியை அவர் என்ன பண்ணினார்னும் பார்க்கணும். இருளர் பேருல சங்கம் பதிவாச்சு, இருளரே உறுப்பினர், பாம்பு பிடிக்கச் சட்டப்படி அனுமதி அவங்க கையில. வாய்ப்பு கிடைச்ச எல்லாரும் இப்படிச் செய்யறதில்லை.

இன்னொரு கேள்வி என் பக்கத்து வயல்காரர் கேட்டது. "பாம்பைக் காப்பாத்துங்கறான் அந்த ஆளு. கடிபட்டுச் சாகறது நாமதானே?" நியாயமான கோபம். ஆனா பாம்பைக் கண்ட இடத்துலயெல்லாம் அடிச்சு நம்ம சாவு குறையலையே. நாம அடிக்கிறதுல பெரும்பாலும் சாரையும் தண்ணிப்பாம்பும்தான். பகல்ல கண்ணுல படறது அதுங்கதான். ராத்திரி வீட்டுக்குள்ள வர்ற கட்டுவிரியன் நம்ம தடியில மாட்டறதே இல்லை. தவிர, அடிக்கப் போற நேரத்துலயும் கடி வாங்கறாங்க. எலியை விட்டுவெச்சா பாம்பு தேடி வரும். சாரையை அடிச்சா எலி பெருகும். அப்புறம் விரியனுக்குத்தானே விருந்து?

சரி, என்ன பண்ணலாம்? எனக்குத் தோணறதைச் சொல்றேன்.

ஒண்ணு, ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் பாம்பு பிடிக்கத் தெரிஞ்ச இருளர் குடும்பம் பக்கத்துல எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். சட்டப்படி கண்டவங்க பாம்பைப் பிடிக்கக் கூடாது, வனத்துறை அனுமதி வேணும். கேரளத்துல வனத்துறையே பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, போன்ல கூப்பிட்டா ஆள் வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நம்ம பக்கம் அதுக்குப் பயிற்சி கொடுக்கிற வாத்தியாருங்களா இருளரையே வைக்கலாம். வீடியோ பார்த்துக் கத்துக்கிற பையனும் அவங்க கீழ முறையாக் கத்துக்கட்டும். கூலியும் நாம கேக்கிற விலைக்கு இல்லாம, அரசு சம்பளமா இருக்கணும்.

ரெண்டு, கூட்டுறவுச் சங்கத்துக்கு எந்தப் பாம்பை எத்தனை பிடிக்கலாம்னு வனத்துறைதான் அனுமதி கொடுக்கணும். கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனா அனுமதி தாமதமானா அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் போகும், நமக்கு மருந்துக்கான விஷம் போகும். விவசாயச் சங்கக் கூட்டத்துல கரும்பு நிலுவையும் மின்சாரமும் பேசற நாம, இதையும் ஒரு கோரிக்கையாச் சேர்த்தா என்ன குறைஞ்சுடும்? அதே கூட்டத்துல இருளர் குடியிருப்புக்குப் பட்டாவும், பிள்ளைங்களுக்கு இனச்சான்றிதழும் கேட்கலாம். ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையா நடக்கிற அப்பன்களை எங்க ஊருலயே பார்க்கிறேன்.

மூணு, 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு. தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் அரசுக்குக் கணக்கு கொடுக்கணும். எந்த ஊருல எத்தனை கடின்னு தெரிஞ்சாத்தான், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல எவ்வளவு மருந்து வைக்கணும்னு தெரியும். உங்க பக்கத்து சுகாதார நிலையத்துல விஷமுறிவு ஊசி இருக்கான்னு இன்னிக்கே போய்க் கேளுங்க. கடிபட்ட ராத்திரியில போய்க் கேட்கறதுல பிரயோஜனம் இல்லை.

கடைசியா, வழக்கம்போல வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சில விஷயம். மழைக்காலம் நெருங்குது, படிச்சவங்க படிக்காதவங்களுக்குச் சொல்லுங்க.

ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவங்க டார்ச்சும் முழங்கால் வரைக்கும் பூட்ஸும் இல்லாம வரப்புல இறங்காதீங்க. மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்ததும் கையை நீட்டாதீங்க, முதல்ல வெளிச்சம் அடிங்க. வைக்கோல், விறகு, கடலைக்கொடி அள்ளறதுக்கு முன்னால ஒரு குச்சியால தட்டுங்க.

தரையில படுக்காதீங்க. கட்டில் இல்லாட்டி, கொசுவலையைப் பாய்க்கு அடியில சுத்திச் செருகிட்டுப் படுங்க. கட்டுவிரியன் கடிச்சா பெரும்பாலும் வலியும் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியக்காலம் வயித்துவலின்னு எழுந்து, கண் இமை தானா மூடுதுன்னு சொன்னா, சுக்குக் கஷாயம் வெச்சுக்கிட்டு நிக்காதீங்க. அது கடியா இருக்கலாம்.

கடிச்சுட்டா கத்தியால கீறக் கூடாது, வாயால உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காம, 108-க்குச் சொல்லுங்க, இல்லைன்னா கிடைக்கிற வண்டியில ஏத்துங்க. பாம்பைத் தேடி அடிச்சுக் கொண்டு போக வேண்டாம். நாலு பாம்புக்கும் ஒரே மருந்துதான்.

மந்திரிச்சுப் பொழைச்சவங்க கதை ஆளாளுக்குச் சொல்லுவாங்க. விஷமில்லாத பாம்பு கடிச்சவனும், விஷப்பாம்பே கடிச்சு விஷம் இறங்காதவனும் யார் கிட்ட போனாலும் பொழைப்பான். அந்தப் பேரு மந்திரிக்கிறவனுக்குப் போயிடுது. நிஜமா விஷம் ஏறினவனுக்கு ஒரு மணி நேரம் வீணானா என்ன ஆகும்னு எங்க தெருவுலயே ஒரு வீட்டுல பார்த்தாச்சு. ரெண்டு பிள்ளைங்களோட அந்தப் பொண்ணு இன்னிக்கு நூறுநாள் வேலைக்குப் போய்க்கிட்டிருக்கு. மூலிகை தெரிஞ்ச இருளர்கூட விரியன் கடின்னா ஊசிக்குப் போகச் சொல்றாங்க. விஷத்தைத் தினமும் கையில எடுக்கிறவங்க சொல்றது, நாம கேட்கலாம்ல?

வர்ற கிராமசபைக் கூட்டத்துல இருளர் பட்டா விஷயத்தையும், சுகாதார நிலையத்துல ஊசி இருப்பு விஷயத்தையும் நான் எழுதிக் கொடுக்கப் போறேன். உங்க ஊருலயும் ரெண்டு பேரு சேர்ந்து எழுதிக் கொடுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு அடுத்த பதிவுல சொல்றேன்.